கடைசிக்கு முந்தின ஆட்டம்

சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் நான்கு குண்டூசிகள் மட்டும் மிச்சமிருந்தன. அவற்றுக்கு நடுவில் இருந்த காகிதத்தைக் காணவில்லை.

பாஸ்கல் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தான். தடவினால் சுவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. பிறகு பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"இன்னாத்த தேட்றே?" என்று கேட்டார் அமீருதீன். சூப்பிரண்டு அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பியூன் அவர்.

"இங்க ஒரு காயிதம் குத்தி வெச்சிருந்தேன் பாய்."

"அதுவா? அய்யா எடுத்துகினு பூட்டாரு."

"எந்த அய்யா?"

"இங்க எத்தினி அய்யா கீறாங்க? சூப்பிரண்டு அய்யாதான். காலைல ரவுண்டு வந்தாரு. நின்னு படிச்சாரு. இன்னொரு தபா படிச்சாரு. அப்பால நாலு பக்கமும் பாத்துட்டு, மடிச்சு ஜோபில சொருவிகினு பூட்டாரு."

பாஸ்கலுக்குச் சாப்பாடே மறந்துபோயிற்று. மறக்காமல் என்ன செய்யும்? ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கிடங்குக் கம்பெனியில் அவன் ஆறு வருஷமாகத் தற்காலிகக் குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் எந்த மூட்டை எந்தக் கிடங்குக்குப் போகிறது என்று குறித்துக்கொள்வது வேலை. ஆறு வருஷமும் தற்காலிகமாகவே இருந்ததில், அவன் மாமனார்கூட யாராவது விசாரித்தால் "நம்ம டெம்பரவரி மருமவன்" என்றுதான் சொல்லி வைத்தார். இந்த மாதக் கடைசியில் பதினொரு தற்காலிகங்களில் மூன்று பேரை நிரந்தரமாக்கிவிட்டு, மற்ற எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அந்த மூன்று பெயரை எழுதப் போகிறவர் சூப்பிரண்டு கலீலுல்லா.

கலீலுல்லா சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதிகம் பேசியும் கேட்டதில்லை. ஆபீஸ் நேரத்தில் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருந்த இரண்டு குமாஸ்தாக்களை, ஒரு வார்த்தை திட்டாமல், எண்ணூர் உப்பு டிப்போவுக்கு மாற்றியவர் அவர். அங்கே குறுக்கிலும் நெடுக்கிலும் உப்பைத் தவிர வேறெதுவும் கிடையாது.

காணாமல் போன காகிதத்தில் பாஸ்கலின் அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

"ஞாயிறு மாலை ராயபுரமும் எண்ணூரும் மோதுகின்றன! இருபத்தெட்டு ஆட்டங்கள் முடிந்து, இன்னும் இரண்டே பாக்கி இருக்கும் இந்நேரத்தில், எண்ணூர் ஒரே ஒரு வெற்றி முன்னால் நிற்கிறது. இந்த ஆட்டத்திலும் தோற்றால் ராயபுரத்தார் கோப்பையை மறந்துவிட்டு வலை பின்னப் போகலாம். ராயபுரத்தின் நம்பிக்கை முழுவதும் பந்து வீசும் தவசிமுத்துவின் வலக்கையில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் அந்தக் கை நூற்றுப்பத்துப் பேரை வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறது. எதிரே நிற்பவரோ எண்ணூரின் ரஷீது. நாற்பத்தோரு ஹோம்ரன் அடித்த சிங்கம். ஆனால் ஐந்து ஆட்டங்களாகச் சிங்கம் கொட்டாவி விடுகிறது. காரணம் வயதா, வெயிலா, மனக்கவலையா? விடை ஞாயிறு மாலை தெரியும்."

இதைப் படிப்பவர்கள், பதினெட்டுப் பேர் வியர்த்து விறுவிறுத்து ஓடுகிற ஆட்டம் என்றுதான் நினைப்பார்கள். நினைக்க வேண்டும் என்றுதான் பாஸ்கல் எழுதினான். உண்மையில் அந்த ஆட்டம் சாப்பாட்டுக் கொட்டகைப் பெஞ்சின் மேல், ஒன்றரை முழ அட்டைப் பலகையில் நடந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளம் கிடங்கைக் காலி செய்துகொண்டு போனபோது, ஓட்டைக் கொசுவலை ஒன்றையும் தட்டையான அட்டைப்பெட்டி ஒன்றையும் விட்டுப் போனார்கள். கொசுவலையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். பெட்டி ஐந்து வருஷம் பரணில் கிடந்து, அதே கிடங்கில் வேலை பார்க்கும் பாஸ்கலின் தோஸ்து மஜீது கையில் சிக்கியது. உள்ளே ஒரு பலகை, பலகை நடுவில் சுற்றுகிற முள், அறுபது வட்டச் சீட்டுகள், ஒரு விதிப் புத்தகம். ஒரு சீட்டு ஓர் ஆட்டக்காரன். சீட்டை முள்ளுக்கு அடியில் வைத்து, முள்ளை விரலால் சுண்ட வேண்டும். முள் நிற்கிற இடத்திலுள்ள எண்ணைப் புத்தகத்தில் பார்த்தால், அவன் அடித்தானா, ஓடினானா, அவுட் ஆனானா என்று இருக்கும். ஆட்டத்தின் பெயர் பேஸ்பால்.

அந்த ஆட்டத்தை அவர்கள் இருவருமே கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. சீட்டில் இருந்த அமெரிக்கப் பெயர்கள் வாயில் நுழையாததால், கிடங்கு ஆட்களின் ஆஜர்ப் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை எழுதி ஒட்டினார்கள். ராயபுரம், எண்ணூர், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை முதலாக ஆறு அணிகள் ஆயின. ராயபுரம் பாஸ்கலுடையது, எண்ணூர் மஜீதுடையது. சாப்பாட்டு வேளையில் ஆடினார்கள், முக்கியமான ஆட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகைக்கு வந்து ஆடினார்கள். சாப்பாட்டு வேளை முடிந்த பிறகு ஒரு மணி நேரமும் ஆடினார்கள் என்பதுதான் இப்போது வினையாக வந்தது.

மூன்று மணிக்கு அமீருதீன் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். நீலப் பென்சிலில், "கட்டுரை எழுதியவர் என்னை வந்து பார்க்கவும்" என்று இருந்தது.

"நீதானே எழுதுன? நீயே போ மாமு," என்றான் மஜீது.

"நீயும் வாயேண்டா. ஒண்ணாத்தானே ஆடுறோம்?"

"தோஸ்துன்னா எல்லாத்துலயும் பங்கு கேக்கக் கூடாது."

பாஸ்கல் போனான். சூப்பிரண்டு எழுந்து வந்து கதவைத் தானே சாத்தினார்.

"இதை எழுதினது நீதானா?"

"ஆமா சார்."

"தவசிமுத்து நூத்திப்பத்து பேரையா அவுட் ஆக்கினான்?"

"ஆமா சார்."

"ஒரே பருவத்துல?"

"ஆமா சார்."

கலீலுல்லா காகிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார். "எங்கே ஆடுறீங்க?"

உண்மையைச் சொன்னால், கம்பெனி பெஞ்சில், கம்பெனி நேரத்தில், கம்பெனி விளக்கு வெளிச்சத்தில் என்று சொல்ல வேண்டும். எண்ணூர் உப்பு பாஸ்கலின் நாக்கிலேயே கரித்தது. "மைதானத்துல சார். தண்டையார்பேட்டை பக்கம்," என்றான்.

"மைதானத்திலயா? நல்ல யோசனை. வெளிக்காத்துல ஆடுறது நல்லதுதான். ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

"வாங்க சார்," என்றது பாஸ்கலின் வாய். அந்த வாயை அவன் அறைக்கு வெளியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"இன்னா சொன்னாரு?" என்று மஜீது ஓடி வந்தான்.

"நெசமாவே ஆடுறோம்னு நம்பிட்டாருடா. ஞாயித்துக்கெழம பாக்க வராராம்."

"அப்போ நல்லதுதானே? வூடு கட்டி அடிச்சிருக்க மாமு, உன் எழுத்து அப்பிடி." பிறகுதான் மஜீதுக்கு உறைத்தது. "வந்தா இன்னாத்த காட்டுறது?"

அதற்கு அடுத்த நாளே வழி பிறந்தது. விடியற்காலையில் ஒரு மழை பெய்தது. பாஸ்கல் இவ்வளவு சந்தோஷமாக மழையில் நனைந்து வேலைக்கு வந்ததே இல்லை. நேராக சூப்பிரண்டு அறைக்குப் போனான்.

"சார், மைதானத்துல முழங்கால் அளவு தண்ணி நிக்குது. இந்த வாரம் ஆட முடியாது போல இருக்கு சார்."

"தண்ணியா? அப்போ வேற இடம் பாக்க வேண்டியதுதானே?" கலீலுல்லா மேசை இழுப்பறையைத் திறந்து துழாவி, ஒரு பெரிய சாவியை எடுத்து நீட்டினார். "காலடிப்பேட்டையில நம்ம பழைய சணல் கிடங்குக்குப் பின்னாடி இடம் கிடக்குது. மேட்டு நிலம், தண்ணி நிக்காது. ஒரு புங்கமரம் இருக்கு, நல்ல நிழல். போய்ப் பாத்துக்கோ."

சாவியோடு திரும்பி வந்தவனை மஜீது ஏற இறங்கப் பார்த்தான். "நேத்து பொய்யா ஒரு மைதானம் இருந்துச்சி. இன்னிக்கு நெசமாவே ஒண்ண வாங்கியாந்துட்ட. நாளைக்கு இன்னா, கோப்பையா?"

வியாழக்கிழமை பாஸ்கல் இன்னும் பலமான ஒரு யோசனையோடு வந்தான். மைதானத்தை மாற்றலாம், மனிதனை மாற்ற முடியுமா? முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு சூப்பிரண்டு முன்னால் நின்றான்.

"சார், தவசிமுத்துவுக்குக் கை ஒடைஞ்சு போச்சு சார். வலது கை. அவர் இல்லாம ராயபுரம் ஆடவே முடியாது சார்."

கலீலுல்லா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை ஆட்டத்துக்கு?"

"சார்?"

"எத்தனை ஆட்டத்துக்கு அவன் இல்லை?"

"ரெண்டு சார். மூணு கூட ஆவலாம் சார்."

"அடடா. சரி, வேற ஆளைப் போட்டுக்கோ." பேனாவை எடுத்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.

பாஸ்கல் வெளியே வந்து மஜீதிடம் பொருமினான். "மனுசனாடா அவரு? கை ஒடஞ்சி போச்சுன்றேன், வலிக்குதான்னு ஒரு வார்த்த கேக்கல. எத்தினி ஆட்டத்துக்குன்னு கேக்குறாரு."

"அதாலதான் அவரு சூப்பிரண்டு, நீ டெம்பரவரி," என்றான் மஜீது.

அந்த நேரத்தில், எதிரே, வலது தோளில் ஒன்றும் இடது தோளில் ஒன்றுமாக இரண்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, சூப்பிரண்டு அறை ஜன்னலை நோக்கி ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர்தான் மூட்டைக்காரர்களின் மேஸ்திரி, நிஜமான தவசிமுத்து. சீட்டில் ஒட்டிய பெயருக்குச் சொந்தக்காரர். அவருக்கு இந்த ஆட்டம் இருப்பதே தெரியாது.

பாஸ்கல் பாய்ந்து போய் அவரை மூட்டைகளோடு சேர்த்துக் கிடங்குக்குள் தள்ளினான். மஜீது தன் தோள் துண்டை உருவி அவர் கையில் கட்டு போட ஆரம்பித்தான்.

"இன்னா பண்றீங்க? என் கை நல்லாத்தான கீது?"

"ஒடஞ்சி பூட்ச்சி அண்ணே. சூப்பிரண்டு கைல சொல்லிட்டேன்," என்றான் பாஸ்கல்.

"ஒடைக்கறதுக்கு முன்னாடி என்னிய ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

வேறு வழியில்லாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. மேஸ்திரி முதலில் கோபமாகக் கேட்டார். நூற்றுப்பத்துப் பேர் என்ற இடம் வந்ததும் கோபம் போய்விட்டது. "நானா? நூத்திப்பத்து பேரையா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய், தன் ஆட்கள் முப்பது பேரையும் கூப்பிட்டு, தாம் யார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

அரை மணி நேரத்துக்குள் கிடங்கு பூராவும் பரவிவிட்டது. ஆளாளுக்கு வந்து "நான் எந்த டீமு? எத்தினி அடிச்சேன்?" என்று பாஸ்கலைப் பிய்த்தெடுத்தார்கள். வாசல் காவல்காரர் ரஷீது, நாற்காலியை விட்டு எழுந்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர், நாற்பத்தோரு ஹோம்ரன் செய்தி கேட்டதிலிருந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஹோம்ரன் என்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் சூப்பிரண்டு வீட்டுக்குக் கிளம்பியபோது, கையில் கட்டோடு மேஸ்திரி எதிரே வந்து நின்று சலாம் வைத்தார். கலீலுல்லா அந்தக் கைக்கட்டை உற்றுப் பார்த்தார்.

"உனக்குமா?" என்றார் ஆச்சரியமாக. "பேரும் அதே, கையும் அதேவா!"

இதற்கு என்ன அர்த்தம் என்று பாஸ்கலும் மஜீதும் நெடுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கிண்டல் செய்கிறார், கண்டுபிடித்துவிட்டார் என்பது பாஸ்கலின் கட்சி. கண்டுபிடித்திருந்தால் இந்நேரம் உப்பு டிப்போவுக்கு உத்தரவு வந்திருக்கும் என்பது மஜீதின் கட்சி.

வீட்டில் பாஸ்கலின் மனைவி ஃப்ளோரன்ஸ் கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உள்ளத உள்ளபடி சொல்லிட்டா இன்னாங்க?"

"சொன்னா வேல பூடும்."

"சொல்லாங்காட்டி?"

"அத்த தான் யோசிச்சிகினு கீறேன்."

"நீங்க யோசிக்காம இருந்தாலே பாதி பேஜாரு கொறஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு அவள் சோற்றை வடிக்கப் போனாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. பாஸ்கல் அதைக் கேட்கவில்லை.

அவன் வெள்ளிக்கிழமை ஒரு கடைசி அஸ்திரத்தோடு போனான். ஓர் அணியே இல்லாவிட்டால் எப்படி ஆட்டம் நடக்கும்?

"சார், எண்ணூர் டீமு கோவிச்சுகிட்டுப் போயிடுச்சு சார். கேப்டன் மஜீது ஆட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது சார்."

கலீலுல்லா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. வேறு யாருக்காவது அப்படி அசைந்திருந்தால் அதைச் சிரிப்பு என்று சொல்லியிருப்பார்கள்.

"மஜீது வேண்டாம்னு போயிட்டானா? ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார். "எண்ணூரை நான் எடுத்துக்கிறேன்."

"சார், நீங்களா?"

"ஏன், எனக்கு ஆடத் தெரியாதுன்னு நினைச்சியா? என் ஆளுங்களை நானே கொண்டு வரேன். ஒம்பது பேரும் நல்ல தேர்ந்த ஆளுங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணி. ஜெயிச்சுக் காட்டு, பாக்கலாம்."

பாஸ்கல் வெளியே வந்து கொட்டகைச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். விஷயத்தைக் கேட்ட மஜீதுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அது பாஸ்கலுக்காக வரவில்லை.

"என் டீம குடுத்துட்டியேடா! இருபத்தெட்டு ஆட்டம் சுண்டி வெரலு தேஞ்சி, மொத எடத்துல கீற டீமு! உன் ராயபுரத்த குடுக்கறதுதானே?"

"டேய், அம்பத்தஞ்சு வயசுடா அந்தாளுக்கு! தொந்தியோட வந்து மைதானத்துல நிக்கப் போறாரு. எங்கியாச்சும் பந்து மண்டையில பட்டுச்சின்னா என் பேரு லிஸ்டுலயா வரும்? போலீஸ் ஸ்டேசன்லதான் வரும்."

"கூட வேற ஒம்போது தேர்ந்த ஆளுங்களாமே. எந்த ஊரு ஆளுங்களோ, அல்லாதான் காப்பாத்தணும்," என்றான் மஜீது.

இனி பின்வாங்க வழியில்லை. ராயபுரத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். ஆட்களுக்குப் பஞ்சமில்லை, முப்பது பேர் அடித்துக்கொண்டு வந்தார்கள். தவசிமுத்துவே தம்மோடு சேர்த்து ஒன்பது பேரைப் பொறுக்கினார். எண்ணூர்ச் சீட்டுக்காரரான ரஷீது, தம்மை எண்ணூரில் சேர்த்தது தமக்கு இஷ்டமில்லை என்று சொல்லி, நாற்பத்தோரு ஹோம்ரன்களோடு ராயபுரத்துக்கு வந்து அந்த ஒன்பதில் ஒருவரானார்.

மட்டைக்கு ஒரு கட்டுமரத் துடுப்பை அறுத்தார்கள். வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டையைச் செதுக்கி, மேலே கயிறு சுற்றிப் பந்தாக்கினார்கள். கைக்கு உறை வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. கோணியை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டார்கள். சட்டை ஒரே மாதிரி இல்லாவிட்டால் சூப்பிரண்டு முன்னால் கலீஜாக இருக்கும் என்று ஃப்ளோரன்ஸ் மைதா மாவு மூட்டைத் துணியில் ஒன்பது சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். தைத்துக்கொண்டே "சொல்லிட்டா இன்னாங்க?" என்று மறுபடியும் கேட்டாள். பாஸ்கல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை பிற்பகல் காலடிப்பேட்டையில் ஒத்திகை நடந்தது. பந்தை அடித்தால் ஓட வேண்டும் என்பது வரையில் எல்லோருக்கும் தெரிந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் சிக்கல். பலகையில் அதற்கு அவசியமே வந்ததில்லை. ஒருவர் கடலைப் பார்த்து ஓடினார், ஒருவர் சணல் கிடங்கைச் சுற்றிக்கொண்டு வந்தார். ரஷீது அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஓடுங்க பாய்!" என்று கத்தினான் பாஸ்கல்.

"நாப்பத்தோரு தபா ஓடியாச்சே, இன்னும் இன்னாத்துக்கு?" என்றார் ரஷீது.

கைக்கட்டை அவிழ்க்க முடியாததால் தவசிமுத்து இடக்கையால் பந்து வீசினார். முதல் பந்து மஜீதின் தோளில் பட்டது, இரண்டாவது பந்து மஜீதின் முதுகில் பட்டது. மஜீது இவ்வளவுக்கும் ஆட்டத்தில் இல்லை. கோபித்துக்கொண்டு தனியாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

பாஸ்கல் ஒன்பது பேரையும் வட்டமாக உட்கார வைத்தான். "அண்ணே, கேட்டுக்கங்க. நாளைக்கு சூப்பிரண்டு மட்டைய புடிச்சிகினு நிக்கசொல்ல, பந்த மெள்ள உருட்டி உடணும். அவரு அடிச்சா ஒருத்தனும் புடிக்கக் கூடாது. அவரு ஓடசொல்ல குறுக்க போவக் கூடாது. மொத்தத்துல நாம தோத்துடணும். அதான் ஆட்டம்."

தவசிமுத்து எழுந்து நின்றார்.

"ராயபுரம் எண்ணூர்காரன் கைல தோக்கறதா?"

"அண்ணே, என் பொழப்பு அண்ணே."

"உன் பொழப்புக்காவ கைய ஒடச்சிகினேன், சும்மா இருந்தேன். நூத்திப்பத்து பேர திருப்பி அனுப்பிச்ச கைய்யி இது. எவன் வந்தாலும் நூத்திப் பதினொண்ணுதான். சூப்பிரண்டா இருந்தா இன்னா, லாட்டு கெவுனரா இருந்தா இன்னா?"

மற்ற எட்டுப் பேரும் கையைத் தட்டினார்கள். மரத்தடியிலிருந்து மஜீதும் தட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராயபுரம் மாதா கோயிலில் பூசை முடிந்த பிறகும் பாஸ்கல் முழங்காலை விட்டு எழுந்திருக்கவில்லை. மழை கேட்டு மன்றாடினான். பெரிய மழை வேண்டாம், மூன்றரையிலிருந்து ஆறு வரை பெய்தால் போதும் என்று நேரத்தையும் குறித்துக் கொடுத்தான். வெளியே வந்து பார்த்தால், வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. அந்த வருஷத்திலேயே நல்ல வெயில் அன்றைக்குத்தான் அடித்தது.

மூன்றரை மணிக்குக் காலடிப்பேட்டை மைதானத்தில் ராயபுரம் அணி வரிசையாக நின்றது. ஒன்பது மாவு மூட்டைச் சட்டைகளிலும் முதுகில் மில்லின் முத்திரை இருந்தது. கோணி சுற்றிய கைகள் வெந்துகொண்டிருந்தன. தவசிமுத்து வலக்கையைத் துண்டில் தொங்கவிட்டு, இடக்கையில் பந்தை வைத்துத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இருந்த வெறியைப் பார்த்தால் சூப்பிரண்டின் மண்டை தப்பாது என்று தோன்றியது.

பாஸ்கல் கிடங்கு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆறு வருஷம். மழையில் நின்று, வெயிலில் நின்று, ஒருநாள் லீவு போடாமல் மூட்டை மூட்டையாகக் குறித்த ஆறு வருஷம், இன்னும் அரை மணியில் ஒரு மிதப்புக் கட்டையில் அடிபட்டுச் சாகப் போகிறது. ஃப்ளோரன்ஸ் சொன்ன மாதிரி முதல் நாளே உள்ளதைச் சொல்லித் தொலைத்திருந்தால், உப்பு டிப்போவோடு போயிருக்கும். இப்போதாவது சொல்லிவிடுவது என்று அவன் தீர்மானித்தான். வண்டியை விட்டு அவர் இறங்கியதும் காலில் விழுந்து, "சார், எல்லாம் அட்டைதான் சார்," என்று சொல்லிவிட வேண்டும். வேலை போனாலும் போகட்டும், அந்த மனுஷனின் தலையாவது மிஞ்சட்டும்.

நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது ஜட்கா வண்டி ஒன்று கிடங்கு வாசலில் வந்து நின்றது. உள்ளே கலீலுல்லா உட்கார்ந்திருந்தார். சலவை ஷெர்வானி போட்டிருந்தார். அத்தர் வாசனை மைதானம் வரை வந்தது. பந்தாட வருகிறவர் அத்தர் பூசிக்கொண்டு வருவாரா என்று யோசிக்கிற நிலையில் பாஸ்கல் இல்லை. அவன் கண் வண்டிக்குப் பின்னால் தேடியது. தெருவில் வேறு வண்டி எதுவும் இல்லை. தேர்ந்த ஆட்கள் ஒன்பது பேரில் ஒருவரையும் காணோம்.

அமீருதீன்தான் முதலில் இறங்கினார். தலையில் ஒரு மடக்கு மேசை, கக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. நேராகப் புங்கமர நிழலுக்கு வந்தார். பாஸ்கல் அவரிடம் ஓடினான்.

"பாய், அய்யாவோட ஆளுங்க எங்க? லாரில வராங்களா?"

அமீருதீன் மேசையை இறக்கி விரித்தார். தோளில் இருந்த துண்டால் தூசி தட்டினார். பிஸ்கட் டப்பாவை அதன் மேல் வைத்து மூடியைத் திறந்தார். பிறகு வெயிலில் வரிசையாக நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, பாஸ்கல் பக்கம் திரும்பினார்.

"ஒம்போது பேரும் இந்த டப்பாவுலதான் கீறாங்க, பட்டாளத்துக்காரன் அய்யா கைல குடுத்துட்டுப் போன இன்னொரு பொட்டி வட்டச்சீட்ட வெச்சிகினு ஏழு வருசமா வூட்ல ரெண்டு பக்கமும் அய்யா ஒண்டியாவே சுண்டிகினு கெடந்தாரு, உன் காயிதத்தப் படிச்ச அன்னிக்குதான் நமக்கும் ஒரு ஜோடி கெடச்சான்டா அமீருன்னு சொல்லி உன் பேர பர்மனெண்ட்டுல மொதல்ல எழுதுனாரு... அத்த வுடு, இந்த மாவு மூட்ட சட்டக்காரனுங்க ஒம்போது பேரும் இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிறானுங்க?"